உங்களுக்குத் தெரியுமா? நீலக் கடலோரம் ஒரு காதல், ஒரு கொலை

அட்டையில் நீலக் கடல். ஓரமாக ஒரு பாய்மரப் படகு. முன்னால், மேல் பொத்தான் இரண்டைப் போட மறந்த கிரேக்கக் கோடீசுவரன். நம் ஊர் வாடகை நூலகங்களில் முனை மடங்கி, முதுகு பிய்ந்து, செல்லோடேப் ஒட்டிக் கிடந்த இந்த ரகப் புத்தகங்களைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவர்கள் கை தூக்க வேண்டாம். யார் யார் என்று எங்களுக்கே தெரியும். அந்த மத்தியதரைக் கடலோரக் காதல் கதைகளுக்கும் மர்மக் கதைகளுக்கும் பின்னால் இருக்கும் கதைகள் இவை.

வீட்டை விட்டு நகராமல் கிரேக்கம்

காதல் நாவல்களுக்குப் பேர்போன மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் நட்சத்திர எழுத்தாளர்களில் ஒருவர் வயலெட் வின்ஸ்பியர். 1961-ல் முதல் நாவலை விற்றபோது அவர் தொழிற்சாலைத் தொழிலாளி. வெயில் காயும் தீவுகள், வெள்ளை மாளிகைகள், முன்கோபக்கார லத்தீன் நாயகர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவர், அதையெல்லாம் எழுதியது இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த தன் வீட்டிலிருந்துதான். ஊர் விவரமெல்லாம் உள்ளூர் நூலகத்துப் புத்தகங்களின் உபயம். 1973-ல் ஹார்லெக்வின் பதிப்பகம் ‘பிரசென்ட்ஸ்’ நாவல் வரிசையைத் தொடங்கியபோது அதற்காகப் பொறுக்கி எடுத்த மூன்று பேரில் இவரும் ஒருவர். மற்ற இருவர் ஆன் ஹாம்ப்சன், ஆன் மேதர்.

அவருக்கும் முன்னோடிகள் உண்டு

1794-ல் ஆன் ராட்கிளிஃப் எழுதிய ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ’ இத்தாலிய மலைக்கோட்டையில் சிறைப்பட்ட பெண்ணின் கதை. பதிப்பாளர் கொடுத்த 500 பவுண்டு அந்தக் காலத்தில் வாயைப் பிளக்க வைத்த தொகை. ராட்கிளிஃப் இத்தாலி மண்ணை மிதித்ததே இல்லை. நாவல் வந்தபிறகுதான் முதன்முதலாகக் கடல் கடந்தார். அதுவும் ஹாலந்துக்கும் ஜெர்மனிக்கும்.

அவருக்கும் 30 ஆண்டு முன்பு ஹொரேஸ் வால்போல் ‘தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ’வை வெளியிட்டார். பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று பொய் சொல்லி, இல்லாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பெயரில். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனதும் இரண்டாம் பதிப்பில் ‘நான்தான் எழுதினேன்’ என்று ஒப்புக்கொண்டார். ஒட்ரான்டோ என்ற பெயரை அவர் வரைபடத்தில் பார்த்துத்தான் எடுத்தார். அந்த ஊரில் நிஜமாகவே ஒரு கோட்டை இருக்கிறது என்பது, யாரோ அதன் படத்தை அவரிடம் கொண்டுவந்து காட்டியபோதுதான் அவருக்கே தெரிந்தது.

கால் வைக்காத தீவு, கையில் வாள் எடுத்த வாலிபன்

அலெக்சாண்டர் டூமா 1842-ல் ஒரு சின்ன வயது இளவரசனுக்குத் துணையாக எல்பா தீவுப் பக்கம் படகில் போனார். தூரத்தில் கூம்பு மாதிரி ஒரு பாறைத் தீவு. இறங்கி ஆடு வேட்டையாடலாம் என்று கிளம்பினார்கள். அங்கே இறங்கினால், திரும்பும் துறைமுகத்தில் நோய்த்தடுப்புக்காகப் பல நாள் தனியே அடைத்துவிடுவார்கள் என்று படகுக்காரர்கள் எச்சரித்தார்கள். சரி, சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவோம் என்றார் டூமா. இவ்வளவு தூரம் வந்ததன் நினைவாக என்றாவது ஒரு நாவலுக்கு இந்தப் பெயரை வைக்கிறேன் என்று இளவரசனுக்கு வாக்குக் கொடுத்தார். தீவின் பெயர் மான்டே கிறிஸ்டோ.

நாவல் 1844-லிருந்து 1846 வரை தொடராக வந்தது. இன்று அந்தத் தீவு இயற்கைக் காப்பகம். அனுமதி வாங்கித்தான் போக முடியும். மார்செய் நகருக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் இஃப் கோட்டையில் இன்னும் வேடிக்கை. கதாநாயகன் எட்மோன் தாந்தே அடைபட்ட அறை இதுதான், சுவரில் தோண்டிய ஓட்டை இதுதான் என்று காட்டுகிறார்கள். தாந்தே பிறந்ததே டூமாவின் பேனாவில்தான் என்பது பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் ஓட்டைக்குள் எட்டிப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை.

இந்த நாவலை நம்மில் பலர் படித்திருக்க மாட்டோம். பார்த்திருப்போம். எஸ்.எஸ். வாசனின் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) இதைத் தழுவியதுதான். வைஜயந்திமாலாவும் பத்மினியும் ஆடிய அந்தப் போட்டி நடனம் மட்டும் டூமாவுக்குச் சம்பந்தமில்லாதது. டூமா பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

கோடையில் பூட்டிக் கிடந்த சொர்க்கம்

பிரெஞ்சு ரிவியரா என்றால் வெயில், மணல், நீச்சல் உடை. நூறு வருடம் முன்பு அப்படி இல்லை. அது குளிர்கால ஊர். லண்டன் பனிக்குத் தப்பி ஓடிவந்த சீமான்களும், காசநோய்க்குக் காற்று மாற்ற வந்தவர்களும் வசந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். ஹோட்டல்களுக்குப் பூட்டு விழும். வெயிலில் உடம்பு கறுப்பது கூலிக்காரர்களுக்கு உரியது என்று நினைத்த காலம்.

1923-ல் ஜெரால்ட் மர்ஃபி, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதி ஆன்டிப் ஊரின் ஹோட்டல் து காப் முதலாளியிடம் பேசி, கோடையிலும் ஹோட்டலைத் திறந்துவைக்கச் சம்மதிக்க வைத்தார்கள். பக்கத்திலிருந்த லா கரூப் கடற்கரையில் மண்டிக்கிடந்த கடற்பாசியை ஜெரால்ட் தன் கையாலேயே வாரி ஒதுக்கி மணலைச் சுத்தம் செய்தார். அங்கே பாய் விரித்துப் படுத்த நண்பர்களில் ஒருவர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட். 1934-ல் வந்த அவருடைய ‘டெண்டர் இஸ் தி நைட்’ நாவல் ஒரு கடற்கரையில்தான் தொடங்குகிறது. அதில் ஒருவர் மணலை வாரிக்கொண்டிருக்கிறார். புத்தகம் மர்ஃபி தம்பதிக்கே சமர்ப்பணம்.

பெயர் வைத்தவர்

‘கோட் தசூர்’, அதாவது நீலக் கரை என்ற பெயர் பழங்காலத்தது அல்ல. 1887-ல் ஸ்டீஃபன் லியேஜார் என்ற எழுத்தாளர் தன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பு அது. அவர் பிறந்த மாவட்டத்தின் பெயர் ‘கோட் தோர்’, பொன் சரிவு. ‘பொன்’னை எடுத்துவிட்டு ‘நீல’த்தைப் போட்டார். ஒரு சொல்லை மாற்றியதில் ஒரு கடற்கரைக்கே விலாசம் கிடைத்தது.

வெறுத்து எழுதிய நாவல்

1926 அகதா கிறிஸ்டிக்குப் பொல்லாத ஆண்டு. அம்மா இறந்தார். கணவர் வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொல்லி விவாகரத்து கேட்டார். டிசம்பரில் அகதா காணாமல் போனார். 11 நாள் நாடே தேடியது. கடைசியில் ஹாரகேட்டில் ஒரு ஹோட்டலில் இருந்தார், கணவரின் காதலியுடைய குடும்பப் பெயரில் அறை எடுத்து.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மகளையும் செயலாளரையும் கூட்டிக்கொண்டு கேனரி தீவுகளுக்குப் போனார். மனசு சரியில்லை, பணம் வேண்டும், ஒப்புக்கொண்ட நாவல் பாதியில் நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்ததுதான் ‘தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ டிரெயின்’ (1928). ரிவியராவுக்குப் போகும் சொகுசு ரயிலில் ஒரு பணக்காரப் பெண், ஒரு மாணிக்கம், ஒரு கொலை. மத்தியதரைக் கடல் கதையை அட்லாண்டிக் நடுவே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்த நாவலைத் தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று பிறகு வெளிப்படையாகச் சொன்னார். பிடிக்காவிட்டாலும், மனம் வராவிட்டாலும் எழுதித்தான் ஆகவேண்டும் என்ற நிலைக்கு வந்த அப்போதுதான் தான் தொழில்முறை எழுத்தாளராக மாறியதாகவும் எழுதியிருக்கிறார்.

என்னைக் கேட்டால் நாவல் அவர் சொன்ன அளவுக்கு மோசமில்லை. அவருடைய துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளின் ஊராகப் பின்னால் புகழ்பெற்ற செயின்ட் மேரி மீடின் பெயர் இதிலேயே வந்துவிடுகிறது.

அந்த நீல ரயில்

நிஜ ரயில்தான். கலேயிலிருந்து ரிவியராவுக்கு ஓடியது. 1922 டிசம்பரில் நீலமும் தங்கமுமாகப் புதுப்பெட்டிகள் வந்ததும் எல்லோரும் ‘நீல ரயில்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ரயில்வே அந்தப் பெயரை அதிகாரபூர்வமாக ஏற்றது 1949-ல். நடுவே 1924-ல் இதே பெயரில் ஒரு பாலே நாடகம் வந்தது. கதை ழான் காக்தோ, உடை கோகோ ஷனெல். மேடையில் ரயில் மட்டும் வரவே வராது.

கூலிக்கு ஒரு தோழி

இந்த ரகக் கதைகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வேலை: பணக்காரக் கிழவிக்குச் சம்பளத்துக்குத் துணையாக இருப்பது. கடிதம் படித்துக் காட்ட வேண்டும், சால்வை எடுத்துத்தர வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஏழைப் பெண்ணை மான்டே கார்லோ ஹோட்டலுக்குள் நியாயமாகக் கொண்டுபோய் நிறுத்த எழுத்தாளர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. ‘ப்ளூ டிரெயின்’ நாயகி கேதரின் கிரே, எசமானி விட்டுப்போன சொத்து கைக்கு வந்த ஒரு துணைப்பெண். டாஃப்னி து மோரியேயின் ‘ரெபெக்கா’ (1938) நாயகியும் மான்டே கார்லோவில் அதே வேலையில் இருக்கும்போதுதான் மாக்ஸிம் டி வின்டரைச் சந்திக்கிறாள். கடைசிப் பக்கம் வரை அவளுக்குப் பெயர் கிடையாது.

தலைகீழ் ஏக்கம்

அதே ‘ரெபெக்கா’வைப் பற்றி இன்னொன்று. ராணுவ அதிகாரியான கணவரோடு டாஃப்னி எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்தபோது எழுதத் தொடங்கிய நாவல் அது. மற்றவர்கள் மழைக்குத் தப்பி மத்தியதரைக் கடலைக் கனவு கண்டால், இவர் அந்தக் கடலோரத்திலேயே வெந்துகொண்டு கார்ன்வால் மழையைக் கனவு கண்டார்.

60 பவுண்டு வாடகை

எலிசபெத் வான் ஆர்னிமின் ‘தி என்சான்டட் ஏப்ரல்’ (1922) மழை கொட்டும் ஒரு பிப்ரவரியில், லண்டனில், ஒரு பத்திரிகை விளம்பரத்தோடு தொடங்குகிறது. இத்தாலியக் கடலோரத்தில் சிறு கோட்டை வாடகைக்கு, ஏப்ரல் மாதம் மட்டும். ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத நாலு பெண்கள் தலைக்கு 15 பவுண்டு போட்டு எடுக்கிறார்கள். அதில் ஒருத்தி, துணிமணிக்குக் கணவர் தரும் காசில் மிச்சம் பிடித்துச் சேர்த்த சிறுவாட்டுப் பணத்தை உடைக்கிறாள். நம் பாட்டிகள் அரிசிப் பானைக்குள் போட்டுவைத்ததை ஒரு ஆங்கிலேயப் பெண்ணும் செய்திருக்கிறாள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாவலின் கோட்டை போர்ட்டோஃபினோவில் உள்ள காஸ்டெல்லோ பிரவுன். எலிசபெத் அங்கே தங்கித்தான் எழுதினார். 1991-ல் படமாக எடுத்தபோதும் அதே கோட்டைக்கே போனார்கள்.

25 பவுண்டுக்கு மேல் கூடாது

1950-களில் இந்தக் கதைகள் பிரிட்டனில் ஏன் அப்படி விற்றன? போர் முடிந்தும் 1954 ஜூலை வரை உணவுப் பங்கீடு. வெளிநாட்டுப் பயணத்துக்குக் கையில் எடுத்துப்போகும் பணத்துக்கும் உச்சவரம்பு. 1952-ல் அது 25 பவுண்டாகக் குறைந்தது. ஆலிவ் எண்ணெய் வேண்டுமானால் மருந்துக் கடைக்குப் போக வேண்டும், காதுக்கு விடும் எண்ணெயாகச் சின்னப் புட்டியில். அந்த நாட்டில் ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டு பிரான்சின் தெற்கே போகிறாள் என்று எழுதினால் போதாதா?

எழுதினார் மேரி ஸ்டூவர்ட். டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியை. முதல் நாவல் ‘மேடம், வில் யூ டாக்?’ பிராவென்ஸில் நடக்கிறது. போரில் கணவனை இழந்த நாயகி, துரத்துகிறவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாதிரி ஓட்டுவாள். பிறகு டெல்ஃபி, கிரீட், கார்ஃபு என்று வரிசையாக நாவல்கள். இவருடைய பெண்கள் கொலைகாரனைப் பார்த்து மயங்கி விழுவதில்லை. ஷேக்ஸ்பியரை மேற்கோள் காட்டிக்கொண்டே மலை ஏறுவார்கள். காதலையும் மர்மத்தையும் ஒரே கயிற்றில் இவ்வளவு இறுக்கமாக முறுக்கியவர் இன்னொருவர் இல்லை என்பது என் கட்சி.

அவருடைய கிரீட் நாவல் ‘தி மூன்ஸ்பின்னர்ஸ்’ 1964-ல் டிஸ்னி படமானது. மௌனப்பட ராணி போலா நெக்ரி ஒரு சிவிங்கிப்புலியோடு வந்து போனார். அதுதான் அவருடைய கடைசிப் படம்.

மஞ்சள், ரோஜா

நமக்கு ‘மஞ்சள் பத்திரிகை’ என்றால் முகம் சுளிக்கும். இத்தாலியில் மஞ்சள் என்றால் துப்பறியும் கதை! மொன்டடோரி பதிப்பகம் 1929-ல் மர்ம நாவல்களை மஞ்சள் அட்டையில் போட ஆரம்பித்தது. ‘ஜால்லோ’ என்ற அந்த நிறத்தின் பெயரே மர்மக் கதைக்குப் பெயராகிவிட்டது. விடை தெரியாத எந்த வழக்கையும் அங்கே செய்தித்தாள்கள் ‘ஜால்லோ’ என்றுதான் எழுதும். காதல் நாவலுக்கு ரோஜா நிறம், ‘ரோசா’.

அந்த ரோசா உலகின் அரசி லியாலா. நீளமான பிரபுகுலப் பெயர் கொண்டவர். விமானிகளைக் காதலிக்கும் கதைகளுக்குப் பேர்போனவர். ‘ஆலா’ என்றால் இறக்கை. பெயருக்குள் ஒரு இறக்கை இருக்கட்டும் என்று இந்தப் புனைபெயரைச் சூட்டியவர் கவிஞர் தனுன்சியோ.

ஸ்பெயினில் கோரின் தெல்யாதோ. 4,000-க்கும் மேற்பட்ட குறுநாவல்கள். சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியின் தணிக்கையாளர்கள் முத்தங்களை வெட்டி வெட்டி, நேராகச் சொல்லாமல் சொல்லும் வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

பேய் வந்த பதிப்பகம்

1908-ல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் போட்டது. ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’வின் ஆங்கிலப் பதிப்பைக்கூட 1911-ல் லண்டனில் அவர்கள்தான் வெளியிட்டார்கள். எழுதிய காஸ்தோன் லரூ 1927-ல் நீஸ் நகரில் இறந்தார். ஊருக்கு மேலே குன்றின் மீதுள்ள கல்லறையில் இருக்கிறார்.

இது அந்தக் கடலே இல்லை

ஜேம்ஸ் பாண்டின் முதல் நாவல் ‘கேசினோ ராயல்’ (1953) மான்டே கார்லோவில் நடப்பதாகப் பலர் சத்தியம் செய்வார்கள். நாவலின் சூதாட்ட ஊர் பிரான்சின் வடக்குக் கரையில் இருக்கும் கற்பனை ஊர். 2006 படத்தில் அதை மான்டினீக்ரோவுக்கு மாற்றி, செக் நாட்டில் போய் எடுத்தார்கள்.

நிஜ மான்டே கார்லோ கேசினோவில் ஒரு விதி: மொனாக்கோ குடிமக்கள் அங்கே சூதாடக் கூடாது. வெளியூர்க்காரன் தோற்கலாம்.

காலை ஆறு மணி, ஒரு துண்டு

1952. இத்தாலியின் பொசிட்டானோ. எழுத்தாளர் பட்ரீசியா ஹைஸ்மித் ஹோட்டல் பால்கனியில் நிற்கிறார். ஆளில்லாத கடற்கரையில் அரைக்கால் சட்டையும் செருப்புமாக, தோளில் துண்டோடு ஓர் இளைஞன் எதையோ யோசித்தபடி நடந்துபோகிறான். இவன் ஏன் தனியாக இருக்கிறான், என்ன சிக்கலில் இருக்கிறான்? அவ்வளவுதான். அவனிடம் பேசவில்லை. மறுபடி பார்க்கவும் இல்லை. மூன்று வருடத்தில் ‘தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி’ வந்தது. நண்பனைக் கொன்று அவனாகவே வாழத் தொடங்கும் டாம் ரிப்ளி பிறந்துவிட்டான்.

நாவலின் கற்பனை ஊர் மாஞ்சிபெல்லோ. எட்னா எரிமலைக்கு சிசிலியில் வழங்கும் பெயர் அது. லத்தீனில் மலை, அரபியில் மலை, இரண்டையும் ஒட்டிய சொல். ‘நடுசென்டர்’ மாதிரி ‘மலைமலை’.

யவனப் பெண் இங்கே வந்தாள்

கடலோரக் காதலைத் தேடி நம் கதாநாயகிகள் கிரேக்கம் போகவில்லை. சாண்டில்யன் ‘யவன ராணி’யில் ஆளை இங்கேயே வரவழைத்துவிட்டார், பூம்புகார்க் கரைக்கு. அதிகப்படியான கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் தோண்டியபோது, மத்தியதரைக் கடலிலிருந்து வந்த மது சாடிகளும் இத்தாலியின் அரெட்சோ பாணிச் சிவப்புக் கலங்களும் கிடைத்தன.

தொழுநோய்த் தீவுக்குச் சுற்றுலா

கிரீட் அருகே ஸ்பினலோங்கா. 1903 முதல் 1957 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்த தீவு. அந்தப் பெயரைச் சொல்லவே உள்ளூரில் தயங்கிய காலம் உண்டு. விக்டோரியா ஹிஸ்லப்பின் ‘தி ஐலண்ட்’ (2005) நாவலுக்கும், 2010-ல் வந்த கிரேக்கத் தொலைக்காட்சித் தொடருக்கும் பிறகு படகு படகாக ஆட்கள் போகிறார்கள். ஹிஸ்லப்புக்கு 2020-ல் கிரேக்கம் கௌரவக் குடியுரிமை தந்தது.

தன் ஊரில் படிக்க முடியாத எழுத்தாளர்

அமெரிக்கரான டொன்னா லியான் வெனிஸில் பல பத்தாண்டு வாழ்ந்து, கமிசாரியோ புருனெட்டி துப்பறியும் கதைகளை எழுதினார். முதல் நாவல் 1992-ல். பல மொழிகளில் வந்தும் இத்தாலியத்தில் மட்டும் வரவில்லை; அவரே அனுமதிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைச் சும்மா விட்டால் போதும் என்பது அவர் கணக்கு.

பெயரை மாற்றிப் பார்த்த ஊர்

சிசிலியின் போர்ட்டோ எம்பெதோக்ளே துறைமுகத்தில் பிறந்த ஆந்திரேயா கமில்லேரி, இன்ஸ்பெக்டர் மொன்தல்பானோவின் முதல் கதையை 1994-ல் வெளியிட்டபோது வயது எழுபதை நெருங்கிவிட்டது. பார்சிலோனாவின் துப்பறியும் எழுத்தாளர் மொன்தல்பானுக்கு மரியாதையாகத்தான் நாயகனுக்கு அந்தப் பெயர். (அந்த மொன்தல்பான் ‘பாங்காக்கின் பறவைகள்’ என்றொரு நாவல் எழுதியவர். 2003-ல் அவர் இறந்தது பாங்காக் விமான நிலையத்தில்.)

கதையில் ஊரின் பெயர் விகாத்தா, கற்பனை. விற்பனையைப் பார்த்து அசந்த ஊர்க்காரர்கள் 2003-ல் தங்கள் ஊரை ‘போர்ட்டோ எம்பெதோக்ளே விகாத்தா’ என்று மாற்றிக்கொண்டார்கள். ஆறு வருடம் கழித்துப் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். கூட்டம் வேறு பக்கம் போனதும் ஒரு காரணமோ என்னவோ. தொலைக்காட்சித் தொடரை எடுத்தது தீவின் தென்கிழக்கில். இன்ஸ்பெக்டர் காலையில் நீந்தப் புறப்படும் அந்தக் கடற்கரை வீடு புந்தா செக்காவில் இருக்கிறது. இப்போது அங்கே இரவு தங்க அறை வாடகைக்கு விடுகிறார்கள்.

கடைசி மொன்தல்பானோ கதையை கமில்லேரி 2005-லேயே எழுதிப் பதிப்பாளரிடம் கொடுத்து, பூட்டிவைக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் வருடா வருடம் புதுக்கதை எழுதிக்கொண்டிருந்தார். 2019-ல் அவர் இறந்தார். பூட்டிவைத்த அந்தக் கதை, ‘ரிக்கார்தினோ’, 2020-ல் வெளிவந்தது, சிசிலிப் பதிப்பகத்தின் வழக்கமான நீல அட்டையில்.